மெயின்லேண்ட் இன்ஜின்

அந்தமான் டாலிகஞ்சில் பட்டறை வைத்திருக்கும் முனியாண்டியிடம் பழைய ராணுவ ஜீப்பைப் பற்றி வாயைக் கொடுத்தால் அன்றைக்கு வீடு போய்ச் சேர முடியாது. ஒரே ஒரு ஜீப்பைப் பற்றிக் கேட்டால் மட்டும் மனுஷன் உம்மென்று ஆகிவிடுவார். அது ஓய்வுபெற்ற சுபேதார் இராமகிருஷ்ணனின் ஜீப். பல வருஷங்களுக்கு முன் அதன் இன்ஜின் பக்கவாட்டில் விரிசல் விட்டுத் தண்ணீர் ஒழுகியது. முனியாண்டி பற்றவைத்துக் கொடுத்தார். சுபேதார் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. "தீவு வெல்டிங் எல்லாம் நிக்காதுப்பா" என்று அந்த இன்ஜினைக் கபாடிக்காரனிடம் பழைய இரும்பாகப் போட்டுவிட்டு, ஏதோ ஒரு டீசல் இன்ஜினை மாட்டிக்கொண்டார். அந்தச் சொல் முனியாண்டிக்கு நெஞ்சில் முள்ளாய்த் தைத்துப்போனது.

இப்போது சுபேதாருக்குக் குடியரசு தின ஊர்வலத்தில் அந்த ஜீப்பை ஓட்ட ஆசை. அசல் ரக இன்ஜின் இருந்தால்தான் சேர்ப்பார்களாம். வந்து நின்றது யாரிடம்? முனியாண்டியிடமேதான்!

தேடாத இடமில்லை. வடக்கே ரங்கத் ஊரில் ஒன்று வயலுக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது, தரமாட்டேன் என்றுவிட்டார்கள். தெற்கே கேம்பல் பே ஊரில் கிடைத்தது உப்புக்காற்று தின்ற மிச்சம். கடைசியில் சென்னைப் பழைய சாமான் வியாபாரி ஒருவர் கப்பலில் ஏற்றி அனுப்பினார்.

பெட்டியைப் பிரித்துப் பச்சை பெயிண்டைச் சுரண்டிய முனியாண்டி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கவாட்டில் பற்றவைத்த தழும்பு. முடிவில் கொக்கி போல் ஒரு வளைவு. அந்த வளைவு அவருடைய கைப்பழக்கம்.

"அடியே புஷ்பா, இது நம்ம சுபேதார் இன்ஜின்டி! கபாடியில போயி, கப்பலேறித் திரும்பி வந்திருக்கு!"

மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட! அவருகிட்ட சொல்லிடுவீங்களா?"

"இப்பச் சொன்னா மறுபடியும் கபாடிக்குத்தான் போடுவாரு. மொதல்ல ஓடட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கும் பயம்தான். ஒழுகினால் சுபேதார் அன்று சொன்னதே சரி என்றாகிவிடும்.

இன்ஜினை மாட்டிய அன்று ஜீப் ஏற்றமெல்லாம் ஏறி இறங்கி வந்து நின்றது. சுபேதார் அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டுக் காத்திருந்தார். முனியாண்டியும் குனிந்து பார்த்தார். தாளில் ஒரு சொட்டு இல்லை. சுபேதார் டார்ச் அடித்துத் தழும்பைக் கண்டுபிடித்து, விரலால் தடவிப் பார்த்தார்.

"பார்த்தியா முனியாண்டி, வெல்டிங்னா இப்படி இருக்கணும். மெயின்லேண்ட்காரன் வேலை, ஏக்தம் பக்கா!"

முனியாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "வெல்டிங் வெச்சது நான்தான் சாப், இதே பட்டறையில. நீங்க கபாடிக்குப் போட்டீங்களே, அந்த இன்ஜின்தான் இது."

சுபேதார் மறுபடியும் டார்ச் அடித்துத் தழும்பைப் பார்த்தார். பிறகு செய்தித்தாளை எடுத்து மடித்தார்.

"ஊர்வலத்துல நீயும் பக்கத்துல உக்காருப்பா" என்றார்.