பெட்டிக்குள் கிடந்த பேட்டரி ரம்பம்

ராஜபாளையத்தில் எங்கள் புது வீட்டுக்கு அலமாரி செய்ய ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு தச்சர் வந்தார். மீசையெல்லாம் மரத்தூள். ஒயர் வைத்த பழைய ரம்பத்தால்தான் அறுப்பார். மருமகன் ஆசையாய் வாங்கித் தந்த பேட்டரி ரம்பம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஒவ்வொரு பலகை அறுத்ததும் அண்ணாந்து மின்விசிறியைப் பார்ப்பார். ஏனென்று எனக்குப் புரியவில்லை.

ஒருநாள் விசிறி நின்றது. அவர் முகம் மலர்ந்தது. துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, பேட்டரி ரம்பத்த எடுங்களேன். நாளைக்குப் பால் காய்ச்சணும்."

"எடுக்கலாம் தம்பி. பொறவு கரண்டு போனாலும் வேலை பாக்கணும்லா? செத்த நேரம் படுக்கதுக்கு ஒரு காரணம் வேண்டாமா?"

அந்தப் பெட்டியையே தலைக்கு வைத்துக்கொண்டு கண்ணை மூடினார்.

இப்போது அதே வீட்டிலிருந்து ஆபீஸ் வேலை பார்க்கிறேன். கரண்டு போனால் விசிறி நிற்கிறது. பேட்டரி உள்ள லேப்டாப் நிற்பதில்லை. அவரை நினைத்துக்கொண்டு அதை முறைக்கிறேன்.