புதன்கிழமைப் பார்வையாளர்

இந்த ஊரில் ஓவியக் கண்காட்சி என்றால் முதல் நாள்தான் கூட்டம். குத்துவிளக்கு, பொன்னாடை, காகிதத் தட்டில் போண்டாவும் கேசரியும், வரைந்தவருடைய சித்தப்பா குடும்பம், கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு பத்துப் பேர். போண்டா தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்துவிடும். மறுநாளிலிருந்து பத்து நாளைக்கு அந்தக் கூடத்தில் படங்களும் ஃபேனும் வாட்ச்மேனும்தான் இருப்பார்கள். இருபத்தேழு வருஷமாகப் படங்களுக்குச் சட்டம் போட்டு, கொண்டுபோய் மாட்டி, முடிந்ததும் கழற்றிக்கொண்டு வருகிறவன் நான். பெயர் நசுருதீன், கோட்டைமேட்டில் ஃபிரேம் கடை. வரைகிறவர்களைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது பார்க்க வருகிற ஒருவரைப் பற்றி.

அவர் பெயர் அன்புக்கரசி. வயது நாற்பத்து மூன்று. காரமடைப் பக்கம் ஒரு நூல் மில்லில் கோன் சுற்றும் மெஷினில் வேலை. அப்பா, அம்மா, அதற்கும் முந்தின தலைமுறை எல்லாம் தோட்டத்துக் கூலிகள். நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறவர்களிடம் 'முடியாதுங்க' என்று ஒரு தடவைகூடச் சொல்லாமல் ஆயுசை முடித்தவர்கள். அந்தப் பழக்கம் இவர் உடம்பிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் செய்தேன் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

முதலில் அவர் வந்தது கொரோனாவுக்கு முந்தின ஐப்பசியில். மகனுக்குச் செருப்பு வாங்க டவுனுக்கு வந்தவர் மழைக்கு ஒதுங்கி ஓவியக்கூடத்தின் வாசலில் நின்றார். வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கூட்டற வேலைக்குங்களா? பின்னாடி வழியா போங்க" என்றார். நான் ஏணியில் நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு என்ன தோன்றியதோ, "அவங்க படம் பாக்க வந்திருக்கறாங்க, உள்ள உடுங்க" என்று மேலிருந்து ஒரு சத்தம் போட்டேன். சும்மா சொன்னதுதான். ஆனால் அவர் அதை மெய்யாக்கிவிட்டார். உள்ளே வந்து, ஈரச் சேலையோடு ஒரு படத்தின் முன்னால் நின்று, மழை விட்ட பிறகும் நின்றார்.

மில்லில் அவருக்குப் புதன்கிழமை வாரவிடுமுறை. அதன்பிறகு மாதத்துக்கு இரண்டு புதனாவது பஸ் ஏறி வந்துவிடுவார். எல்லாப் படங்களையும் சுற்றிப் பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அரை மணி நேரம் நிற்பார். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து டப்பாவில் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் அதே படத்துக்கு வருவார். என்ன பார்க்கிறார் என்று நான் இரண்டு வருஷம் கேட்கவில்லை. மூன்றாவது வருஷம் பொறுக்காமல் கேட்டேன்.

"மில்லுல எல்லாம் ஓடிட்டே இருக்குமுங்க பாய். நூலு எங்க அந்துபோச்சுன்னு பாத்துட்டே இருக்கோணும், கண்ணை எடுக்கக் கூடாது. நம்ம கண்ணை எடுக்கறமான்னு பாக்கறதுக்கு மேல ஒரு கேமரா. ஊட்டுக்குப் போனா அத்தை பாக்கறாங்க, பக்கத்து ஊட்டுக்காரி பாக்கறா. இங்க மட்டுந்தானுங்க நான் பாக்கறேன், என்னைய யாரும் பாக்கறதில்லை."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி எப்படிச் சொல்ல முடியும்? வீட்டுக்காரர் கேட்டால் மட்டும் வேறு பதில் வைத்திருந்தார். "அங்க போயி அப்படி என்னத்தத்தான் பாக்கறே?" என்று கேட்டாராம். "ஃபேன் நல்லா ஓடுதுங்க" என்றாராம் இவர். அவரும் சரி என்று விட்டுவிட்டார்.

அதே கட்டடத்தின் மாடியில் இரண்டாவது புதன்தோறும் சாயந்திரம் சோதனை முயற்சிக் குறும்படங்கள் போடுவார்கள். அதற்கும் இருந்துவிட்டுப் போவார். சோதனை யாருக்கு என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு படத்தில் இருபது நிமிஷம் ஒரு குழாய் சொட்டியது. எனக்கு ஆறாவது சொட்டிலேயே தூக்கம் வந்துவிட்டது. அவர் கடைசிவரை கண் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். "கதையே இல்லாதது எத்தனை நிம்மதிங்க! யாரு யாரைக் கட்டிக்கிட்டாங்க, யாரு சொத்தை யாரு ஏமாத்துனாங்கன்னு ஒண்ணும் ஞாபகம் வெச்சுக்க வேண்டியதில்லை" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். பெங்களூரில் சினிமா படித்துவிட்டு வந்த பிரத்யுஷா என்ற பெண், போன வருஷம் ஒரு கண்காட்சியில் என்னிடம் வந்தாள். "அண்ணா, இங்க ரெகுலரா வர்ற ஆடியன்ஸ் யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டாள். எனக்கு என்னவோ என் வீட்டுப் பிள்ளை முதல் மார்க் வாங்கினதுபோலப் பெருமை. ஜன்னலோரம் காட்டினேன். காட்டியதோடு நிறுத்தினேனா? மில், புதன்கிழமை, எலுமிச்சை சாதம் எல்லாவற்றையும் அளந்துவிட்டேன். அவள் கண் அகலமாகிக்கொண்டே போனது.

அந்த அக்கா ஒரு படத்தைப் பார்ப்பதை அப்படியே, வெட்டாமல், நாற்பது நிமிஷம் படமெடுக்க வேண்டும் என்றாள். "நான் கேட்டா பயந்துக்குவாங்க. நீங்க கேளுங்கண்ணா" என்றாள்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பெண் கேட்பதானாலும் சரி, வண்டித்தடத்துக்கு நிலம் கேட்பதானாலும் சரி, மறுக்க முடியாத ஆளாகப் பார்த்து அனுப்புவார்கள். முகத்துக்கு நேரே 'வேண்டாங்க' என்று சொல்வது பெரிய மரியாதைக் குறைவு. அதனால் கேட்கிற ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்புக்கரசிக்கு அப்படி ஒரு ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு மழையில் உள்ளே விடச் சொன்னவன்.

கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். கேமரா முன்னால் நிற்பதற்கு இஷ்டமில்லை என்று அந்த மூடிக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் புரியாதவன்போல நின்றேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க பாய்" என்றார்.

அடுத்த புதன்கிழமை படமெடுத்தார்கள். அவருக்குப் பிடித்திருந்தது ஜன்னலோரம் இருந்த ஒரு சின்னப் படம், கோழிக்கூண்டும் அதன் நிழலும். ஜன்னல் வெளிச்சம் கேமராவுக்கு ஒத்துவராது என்று நடுச்சுவரில் இருந்த பெரிய நீலப் படத்தின் முன்னால் நிறுத்தினார்கள். படத்தை ஒட்டி, முகத்துக்கு நேராகக் கேமரா. "நீங்க எப்பவும் பாக்கற மாதிரியே பாருங்கக்கா. கேமராவை மறந்துடுங்க" என்றாள் பிரத்யுஷா. நான் ஃபேனை நிறுத்திவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். சத்தம் வரக்கூடாதாம். நெற்றியில் வியர்வை இறங்கியபோதும் அவர் துடைக்கவில்லை. பிரத்யுஷா கெட்ட பெண் இல்லை. இடையிடையே தண்ணீர் கொடுக்கலாமா என்று என்னிடம் சாடையில் கேட்டாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

ஆறு மாதம் கழித்து மாடியில் அந்தப் படத்தைப் போட்டார்கள். ஆங்கிலத்தில் ஏதோ பேர். முப்பத்தைந்து பேர் வந்திருந்தார்கள். அன்புக்கரசியை மூன்றாவது வரிசையில் சுவரோரம் உட்கார வைத்தார்கள், பக்கத்தில் நான். விளக்கை அணைத்தார்கள், கதவைச் சாத்தினார்கள். பன்னிரண்டு அடி உயரத்துக்கு அவருடைய முகம்.

ஐந்து நிமிஷம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பத்தாவது நிமிஷம், "பாய், வெளிய போலாமுங்களா?" என்று காதோரம் கேட்டார். வெளியே போக வேண்டுமானால் என்னையும் சேர்த்து எட்டுப் பேரின் முழங்காலைத் தாண்ட வேண்டும், திரைக்கு முன்னால் நடக்க வேண்டும். அவருடைய முகத்தின் மேல் அவருடைய நிழலே விழும். நான் எழுந்திருந்தால் வழி பிறந்திருக்கும். நான் எழவில்லை. பாதியில் எழுந்தால் அந்தப் பெண் என்ன நினைப்பாள், மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன். 'வேண்டாங்க' சொல்லத் தெரியாத வியாதி தோட்டத்துக் கூலிக்கு மட்டும் வருவதில்லை. "இதோ முடிஞ்சுருமுங்க அம்மணி" என்றேன். இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அவர் கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றியதில் விரல் நுனி வெளுத்துப்போனது.

முடிந்ததும் கலந்துரையாடல். தாடி வைத்த ஒருவர், "அந்த முகத்தில் ஒரு தியானம் இருக்கிறது" என்றார். இன்னொருவர், உழைக்கும் பெண் கலையைச் சந்திக்கும் அபூர்வத் தருணம் என்றார். அந்த வியர்வையை ஒரு அம்மாள் கண்ணீர் என்றே முடிவு செய்துவிட்டார். எனக்கு எழுந்து நான்கு வார்த்தை கேட்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது. ஆத்திரம் வந்தது, அவ்வளவுதான். மைக் அன்புக்கரசியின் கைக்கு வந்தது.

"அன்னைக்கு நான் ஒண்ணும் பாக்கலைங்க" என்றார். "நல்லா நிக்கறமா, மொகம் சரியா இருக்குதான்னு நெனச்சுட்டே நின்னுபோட்டேன். படம் கண்ணுக்கே தெரியலைங்க."

உடனே கைதட்டல். எழுந்து நின்று தட்டினார்கள். "என்ன ஒரு வரி!" என்றார் தாடிக்காரர். பிரத்யுஷா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாள். அவர் சொன்னது புகார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. அவர் அந்த அணைப்புக்குள் கையைத் தொங்கவிட்டபடி நின்றார்.

அதற்குப் பிறகு நான்கு புதன்கிழமை அவர் வரவில்லை. ஐந்தாவது புதன் வந்தார். புதுக் கண்காட்சி. ஈரோட்டுக்காரர் ஒருவர் வரைந்தவை, எல்லாம் நான் மாட்டியவைதான். வாட்ச்மேன் எழுந்து நின்று, "வாங்க அம்மணி, வாங்க" என்று வரவேற்றார். ஆறு வருஷத்தில் அப்படி ஒருநாளும் எழுந்ததில்லை. அன்புக்கரசி நேராக உள்ளே போய், கடைசிச் சுவரில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போகட்டும், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. வகுப்போடு கண்காட்சி பார்க்க வந்திருந்த காலேஜ் பிள்ளைகளில் ஒருத்தி, "ஆன்ட்டி, நீங்க அந்தப் படத்துல வந்தவங்கதானே?" என்றாள். உடனே ஏழெட்டுப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். இந்த முறை நான் விடவில்லை. சட்டம் ஒன்றை நேராக்க ஏறியிருந்த ஏணியிலிருந்து இறங்கி, "உடுங்க கண்ணு, அவங்க பாக்க வந்திருக்கறாங்க" என்றேன்.

"ஒரே ஒரு ஃபோட்டோ அங்கிள்!"

"பரவாயில்லைங்க பாய். சின்னப் புள்ளைக ஆசைப்படுதுக" என்று அவரே சொல்லிவிட்டார். "கொஞ்சம் திரும்புங்க ஆன்ட்டி" என்றதும் திரும்பி, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஒரு ஃபோட்டோ ஆறானது. பிறகு செல்ஃபி. பிறகு, படத்தைப் பார்க்கிற மாதிரி ஒன்று. அதற்கும் கண்ணைப் படத்தில் வைத்து, காதைப் பின்னால் வைத்து நின்றார். எடுத்து முடித்தார்களா என்று அவர் திரும்பிப் பார்த்தபோது இன்னும் இரண்டு பேர் ஃபோனைத் தூக்கினார்கள்.

கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார். டப்பாவைத் திறக்கவே இல்லை. நானும் வாசலுக்கு வந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே அவர்தான் கேட்டார்.

"ஏனுங்க பாய், அந்தப் படத்துல என்னதானுங்க வரைஞ்சிருக்கறாங்க?"

"உள்ள போயிப் பாருங்க அம்மணி. நான் கூட வந்து நிக்கறேன், ஒருத்தரையும் பக்கத்துல உடமாட்டேன்" என்றேன்.

அவர் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிள்ளைகள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள்.

"வேண்டாங்க" என்றார். "நீங்களே சொல்லிப்போடுங்க."