அம்மாவைச் சாகடிக்கும் கட்டுரை

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் மோகனா டீச்சரின் டியூஷனில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மலாய்க் கட்டுரைக்கு அவர் வைத்திருந்த வித்தை சுலபமானது. பிள்ளைகள் யோசிக்க வேண்டாம், கொடுத்ததை மனப்பாடம் செய்தால் போதும். 'மறக்க முடியாத நாள்' என்று தலைப்பு வந்தால் அம்மா விபத்தில் இறந்தாக வேண்டும். திருத்துகிறவர் கண் கலங்கினால் மார்க் தானாக வருமாம்.

ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பதினேழு வயதுத் தனுஜா ஒருமுறை சொந்தமாக எழுதி வந்தாள். கம்பெனியில் வேலை செய்யும் அவள் அம்மா நல்லம்மாள், மோட்டார் லைசென்ஸ் எடுத்த அன்றே மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றிய கதை. மோகனா அதைக் குறுக்கே அடித்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இதுக்கெல்லாம் 'ஏ' கிரேடு கிடைக்காதுலா. அம்மாவச் சாகடி."

தனுஜா அழுதுகொண்டே மனப்பாடம் செய்தாள். போகப் போகப் பழகிவிடும் என்றார் மோகனா.

பள்ளிப் பரீட்சையில் அதே தலைப்பு வந்தது. தனுஜா ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினாள். புதிதாக மாற்றலாகி வந்த நோர்மா டீச்சர் அதைப் படித்து மனமுடைந்து, தாயில்லாப் பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல உணவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கே போய்விட்டார். கதவைத் திறந்தது நல்லம்மாள். அன்று அறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்ட தனுஜா, மறுநாள் பள்ளிக்கும் போகவில்லை.

செய்தி காதுக்கு வந்ததும், நம் பெயர் கெட்டதே என்றுதான் மோகனா பதறினார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பிள்ளை எப்படி இருக்கிறாளோ என்ற நினைப்பு அப்புறம்தான் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் அவருக்கு.

சாயங்காலம் நல்லம்மாள் கம்பெனி யூனிஃபார்மோடு வாசலில் வந்து நின்றார். உள்ளே மற்றப் பிள்ளைகள் அதே கட்டுரையை உரக்க ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஏசப்போகிறார் என்று மோகனா நாலு பதில் தயாராக வைத்திருந்தார்.

"மன்னிச்சிருங்க டீச்சர்," என்றார் நல்லம்மாள். "அவங்க எதுக்கு வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதுலா. தெரிஞ்சிருந்தா கதவையே தொறந்திருக்க மாட்டேன்."

ஏசியிருந்தால் மோகனா தாங்கியிருப்பார். இந்த மன்னிப்பில் கூனிக் குறுகிப்போனார்.

நல்லம்மாள் குரலைத் தாழ்த்தினார். "என்னை உசிரோட பாத்துட்டாங்களே டீச்சர், பிள்ளைக்கு மார்க்க வெட்டிருவாங்களா?"