குப்புராஜ் அண்ணன் அடைத்த கூரை

கும்மிடிப்பூண்டி பக்கம் எந்தக் கம்பெனிக் கூரையைப் பார்த்தாலும் உச்சியில் உருண்டையாக ஒரு காத்தாடி சுற்றிக்கொண்டிருக்கும். அதில் பாதி குப்புராஜ் அண்ணனும் நானும் ஏற்றியவை. பாதி என்பது கொஞ்சம் பீற்றல்தான், இருக்கட்டும். பதினாறு வருடம் அவரோடு கூரை ஏறியிருக்கிறேன். காத்தாடி எதற்கு என்று இழுக்கும் மேனேஜர்களுக்கு அவர் வகுப்பே எடுப்பார். உள்ளே சேரும் சூடும் ஆவியும் வெளியே போக வழியில்லை என்றால், விடிகாலைக் குளிரில் தகரத்தின் அடியில் தண்ணீராகக் கோத்துச் சொட்டும், மழையே இல்லாமல் சரக்கு நனையும் என்பார்.

இவ்வளவும் தெரிந்த மனுஷன்தான் சொந்த வீட்டில் கோட்டை விட்டார்.

கவரைப்பேட்டையில் ரோட்டை ஒட்டி அவருக்குத் தகர ஷீட் போட்ட வீடு. மனைவி ஜோதிலட்சுமி அண்ணிக்கு வீசிங். பிள்ளை இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான் எல்லாம். தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து லாரிகளைப் பார்த்தாலே அண்ணனுக்கு ஆத்திரம். போன ஆவணியில், சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கு மொத்தத்தையும் ஃபோம் பீச்சி அடைத்தோம். அதற்குக் கீழே பி.வி.சி. சீலிங். பீச்சியவன் நான். எறும்புகூட நுழையாது என்று அவர் சொன்னபோது பல்லை இளித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். அவரைத் திட்ட எனக்கு வாய் கிடையாது.

மார்கழியில் அண்ணிக்கு இழுப்பு அதிகமானது. ஏதோ ஈர வாடை அடிக்கிறது என்று இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அண்ணன் கூரை மேல் ஏறி ஒவ்வொரு ஸ்குருவாகத் தடவிப் பார்த்தார். ஒழுகல் எதுவும் இல்லை, உன் மூக்குதான் ரிப்பேர் என்று கேலி பண்ணினார். அண்ணியும் சிரித்துவிட்டார்.

தை பிறந்த வாரம் திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் ஈரம், பூசணம் உண்டா என்று டாக்டர் கேட்டார். சொட்டு ஈரம் கிடையாது என்று அண்ணன் ரோஷமாகச் சொன்னார். ரோஷம் அடங்காமல், அதை நிரூபிக்கவே வீட்டுக்கு வந்து ஒரு சீலிங் பலகையைக் கழற்றினார். தேங்கியிருந்த தண்ணீர் அவர் முகத்தில் கொட்டியது. பலகையின் முதுகு முழுக்கக் கறுப்பாகப் பூசணம். உலை ஆவி, வெந்நீர் ஆவி, அந்த இரண்டு பேரின் மூச்சு, எல்லாம் மேலே போய் மாட்டிக்கொண்டு தினமும் விடிகாலையில் சொட்டியிருக்கிறது. அண்ணன் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்டா அவள மூச்சு முட்ட வெச்சிக்கினு இருந்திருக்கேன்," என்றார்.

சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாக டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணி வருவதற்குள் அந்த வீடு மூச்சு விட வேண்டும், எங்களுக்கு வேறு நினைப்பே இல்லை. மூன்று நாள் பேய் மாதிரி வேலை செய்தோம். சீலிங்கைப் பிடுங்கி எறிந்தோம். ஃபோமைச் சுரண்டி, இரண்டு பக்கமும் சுவர் உச்சியில் கம்பி வலை வைத்துத் திறப்பு விட்டோம். உச்சியில் ஒரு சின்னக் காத்தாடி, சுவருக்குச் சுண்ணாம்பு. நடுவில் ஒரு சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதாராம். எனக்காகத்தானே செய்தீர்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாராம் அண்ணி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வீடு நன்றாகக் காய்ந்திருந்தது. நாலு மணிக்கு அண்ணி போய்விட்டார்.

சொன்னபடி சனிக்கிழமைதான் வீட்டுக்கு வந்தார். கூடத்தில் கிடத்தி, தலைமாட்டில் விளக்கு ஏற்றினார்கள். நாங்கள் விட்ட திறப்பு வழியாகக் காற்று தாராளமாக வந்தது. ஏற்ற ஏற்ற விளக்கு அணைந்தது. தலைமாட்டு விளக்கு அணையவே கூடாது என்று சொந்தக்காரப் பெண்கள் பதறினார்கள். ஒரு பெரியவர் ஸ்டூல் போட்டு ஏறி, பழைய புடவை ஒன்றைச் சுருட்டித் திறப்பில் திணிக்கப் போனார்.

அதுவரை சுவரோரம் அசையாமல் கிடந்த அண்ணன் எழுந்து, அவர் கையிலிருந்து புடவையை வாங்கிக்கொண்டார்.

"அடைக்காதீங்க. இன்னிக்காச்சும் அவளுக்குக் காத்து வரட்டும்."

பிறகு விளக்கை மறுபடி ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, சுடரைச் சுற்றி இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அண்ணியைத் தூக்கும் வரை அந்தக் கையை எடுக்கவில்லை.