பின் சீட்டைக் கழற்றிய கார்

கிள்ளானில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கார் என்றால் எனக்கு உயிர். வேகம் கூடுவதற்காக என் டர்போ காரின் பின் சீட்டைக் கழற்றிவிட்டு, கார் உருண்டாலும் நசுங்காதபடி உள்ளே இரும்புக் கம்பிக் கூண்டு பொருத்தினேன். முன்னால் ஒடுக்கமான இரண்டு ரேஸ் சீட்டுகள் மட்டும்தான். "இந்தக் காடியில எப்படிமா ஏறுறது?" என்று அப்பா கேட்டால் சிரிப்பேன்.

ஒரு ஞாயிறு காலை அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணனும் நானும் அவரைத் தூக்கி வந்தோம். கூண்டின் கம்பியைத் தாண்டி அவரைச் சீட்டில் இறக்க எவ்வளவோ முயன்றும் முடியவில்லை.

"விட்டுடுலா தங்கச்சி, அவருக்கு வலிக்குது. என் காடியும் வர்க்‌ஷாப்புல கிடக்கு. ஆம்புலன்சுக்குப் போன் அடி," என்றார் அண்ணன்.

ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. "பக்கவாதம். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருந்தா இவ்வளவு பாதிச்சிருக்காது," என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

அந்தக் காரை விற்றுவிட்டு, அகலமான கதவுள்ள சாதாரணக் கார் வாங்கினேன். என்னைப் போல் காரை மாற்றியமைக்கும் நண்பர்களிடம், வீட்டு ஆட்களை ஏற்ற இடம் விடச் சொல்கிறேன். வாரந்தோறும் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கை கால் பயிற்சிக்கு அழைத்துப் போகிறேன். வலது கை அசையவில்லை, பேச்சும் வரவில்லை. இனி வராது என்றுதான் சொல்கிறார்கள்.

"என்னை மன்னிச்சிருங்கப்பா," என்று தினமும் சொல்கிறேன். அவருக்குப் புரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை.