'எல்லாவற்றையும் மாற்று' என்றொரு பட்டன்

ஜாசின் டவுனை விட்டு மூன்று கிலோமீட்டர் நடந்திருப்பேன். வேலை பார்த்த கடையின் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தவன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

பின்னால் வண்டிச் சத்தம் கேட்டாலே முதுகு சில்லிட்டது. லாரியா, மோட்டாரா, காரா... அது என்னைக் கடந்து போகும்வரை மூச்சு வரவில்லை. யாரும் என்னைத் தேடவில்லை என்று எனக்குத் தெரியும். பயத்துக்கு அது தெரியவில்லையே!

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். சுங்கை ரம்பாயில் வாழைக்குலை ஏற்றியிருக்கிறேன். டயர் கடையில் வேலை செய்து, டயர்களுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறேன். சாப்பாட்டுக் கடையில் சட்டி கழுவியிருக்கிறேன். எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. கிளம்பும்போது மனசு லேசாக இருக்கும். இந்த முறை அப்படி இல்லை.

காரணம்? நான்கு எழுத்து.

ஜாசினில் நான் இருந்தது ஒரு போட்டோஸ்டேட் கடை. நகல் எடுப்போம், டைப் அடிப்போம், பைண்டிங் செய்வோம். ஃபாரம் டூவோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன் நான். ஆனால் கீபோர்டில் விரல் ஓடும். கட்டுரையில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிய வேண்டியதில்லை. வரிக்கு வரி எவ்வளவு இடம் விட வேண்டும் என்று தெரிந்தால் போதும். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கலா மிஸ் எங்கள் வாடிக்கையாளர். காலேஜில் பாடம் எடுப்பவர். பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களில் மருந்தடிக்கிறவர்களைப் பற்றி இங்கிலீஷில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருந்தார். அதை ஒரு ஜர்னலுக்கு அனுப்ப வேண்டும். கட்டுரையோடு, ஜர்னல்காரர்கள் கொடுத்த விதிமுறைகளையும் நீட்டினார். அதுவே இருபத்திரண்டு பக்கம்!

எழுத்து இந்த அளவு. ஓரத்தில் ஒரு இஞ்ச். வரிகளுக்கு நடுவில் இரட்டை இடைவெளி. அட்டவணைகள் கடைசியில். மேற்கோள் காட்டிய புத்தகங்கள் குடும்பப் பெயர் வரிசையில். நம் ஆட்களுக்கு ஏது குடும்பப் பெயர்? 'இன்னாரின் மகள்' என்று குறிக்கும் 'அ/பெ'யை எடுத்துவிட்டு, எழுதியவரின் குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில் மிஸ்ஸின் அப்பா பெயரைப் போட்டோம். "இனிமே எங்கப்பாதான் ஆராய்ச்சியாளர், முத்து" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார் மிஸ். அன்று நாங்கள் சிரித்தது அதுதான் கடைசி.

அடுத்த விதி: கட்டுரையில் பேட்டி கொடுத்தவர்களின் பெயர் எங்கேயும் இருக்கக்கூடாது. ஆறு பேர் பேட்டி கொடுத்திருந்தார்கள். ஆர்1, ஆர்2 என்று ஆர்6 வரை எண் போட வேண்டும். நான்காவது ஆள், மணி அண்ணன்.

மணி அண்ணனை மிஸ்ஸிடம் கூட்டிப்போனது நான்தான். பெம்பானைத் தாண்டி ஒரு எஸ்டேட்டில் காண்ட்ராக்டரிடம் மருந்தடிக்கிறார். முன்பு ஒருமுறை நான் போக இடமில்லாமல் நின்றபோது இரண்டு மாதம் சோறு போட்டவர். (இங்கே மணி என்று எழுதுவதும் அவர் பெயரில்லை. கட்டுரையில் வந்த சொற்களையும் அதற்கேற்றபடி மாற்றியிருக்கிறேன். ஒருமுறை பட்டவன் நான்.)

அவர் சொன்னது இதுதான்: "ஆபீசர் வர்ற அன்னிக்கு முகமூடி, கையுறை எல்லாம் குடுப்பாங்க. போட்டோ எடுப்பாங்க. ஆபீசர் காடி கேட்டைத் தாண்டுனதும் திருப்பி வாங்கிக்குவாங்க." நகம் கறுத்து விழுந்ததையும் காட்டினார். பேரை மாத்திடுவோம் அண்ணே, கவலைப்படாதீங்க என்று அவர் தோளில் கை வைத்துச் சொன்னது யார்? அதுவும் நான்தான்.

கட்டுரையை ஏற்கும் இணைய வாசல் அன்று பகல் பன்னிரண்டோடு மூடிவிடும். பதினொன்றரை ஆகிவிட்டது. கம்ப்யூட்டரில் 'எல்லாவற்றையும் மாற்று' என்றொரு பட்டன் உண்டு. தேட வேண்டிய சொல்லைக் கொடுத்தால், எங்கே இருந்தாலும் பிடித்து வேறொன்றாக மாற்றிவிடும். எம், ஏ, என், ஐ — மணி. மாற்ற வேண்டியது ஆர்4. அழுத்தினேன். ஒரு நொடிதான்.

"எல்லாம் சரியா முத்து?"

"சரி மிஸ்."

அனுப்பிவிட்டார். அவர் கிளம்பிய பிறகு, ஃபைலில் வைக்க ஒரு பிரதி வேண்டும் என்று சொல்லியிருந்தாரே என்று பிரிண்ட் போட்டேன். தாள் சூடாக வெளியே வந்தது. முதல் பக்கத்திலேயே ஒரு சொல் விநோதமாக இருந்தது.

ஹியூ-ஆர்4-டீஸ்.

என்ன இங்கிலீஷ் இது? மிஸ் பெரிய படிப்பு படித்தவர், புதுச் சொல்லாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆர்4-புலேட். நான்காம் பக்கத்தில் ஆர்4-ஃபெஸ்ட். அப்போதுதான் உறைத்தது. ஹியூமானிட்டீஸ், மேனிப்புலேட், மேனிஃபெஸ்ட்... எல்லாவற்றின் உள்ளேயும் அந்த நான்கு எழுத்து இருக்கிறது. எது ஆள், எது சொல் என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? 'முழுச் சொல் மட்டும்' என்றொரு கட்டம் இருந்ததாம். அதில் டிக் போடாமல் விட்டுவிட்டேன்.

அசிங்கமாகப் போனால் பரவாயில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். ஹியூ... டீஸ். நடுவில் நான்கு எழுத்துக் காணவில்லை. படித்த மனிதருக்கு அதைக் கண்டுபிடிக்க எத்தனை விநாடி ஆகும்? ஆர்4 என்றால் மணி. பெயரை மறைக்கிறேன் பேர்வழி என்று, பூட்டின்மேலேயே சாவியைத் தொங்கவிட்டிருக்கிறேன்! பதினேழு இடத்தில்!

மிஸ்ஸுக்குப் போன் போட்டேன். சொன்னேன்.

"முத்து... அதை ரெண்டு பேர் படிச்சு மார்க் போடுவாங்க. யாருன்னு எனக்குச் சொல்லமாட்டாங்க. தோட்டத்தைப் பத்தித் தெரிஞ்ச ஆளுங்களுக்குத்தான் அனுப்புவாங்க. கம்பெனிக்கு ஆலோசனை சொல்றவங்ககூட அதுல இருக்கலாம்."

"திருப்பி வாங்க முடியாதா மிஸ்?"

"பட்டனே இல்ல. எடிட்டருக்கு எழுதுறேன். நீ மணி அண்ணன்கிட்ட சொல்லிடு. நான் சொல்றதைவிட நீ சொல்றதுதான் நியாயம்."

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏன்லா இப்படி நடுங்குற? அந்தப் புக்கை யாரு படிக்கப் போறா? எழுதுனவங்களே படிக்கமாட்டாங்க. வாயைப் பொத்திக்கிட்டு இரு, கடைப் பேரு கெட்டுடும்."

ஆயிரம் பேர் படிக்க வேண்டும் என்று ஏங்கி எழுதுகிற நம் பத்தியை நான்கு பேர் புரட்டினால் அதிகம். ஒருவன்கூடப் படித்துவிடக்கூடாது என்று நடுங்கும்போதுதான், அந்த ஒருவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்கிறான். இல்லையா?

அந்த ஒருவன் படித்தால் என்ன ஆகும்? மணி அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருக்கும் வீடு எஸ்டேட் வீடு. வேலை போனால் வீடும் போகும். இன்னும் இரண்டு வருடம் ஓட்டிவிட்டால் தங்கா பத்துவில் மகள் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் ஓர் அறை. அதுவரை அவருக்கு வேறு கூரை கிடையாது.

அதனால்தான் சாவியை வைத்துவிட்டு, மணி அண்ணனைத் தேடி நடந்தேன்.

பெம்பான் நெருங்கும்போது ஒரு வெள்ளைப் பிக்கப் என்னைக் கடந்து போனது. சற்றுத் தள்ளிப் போய் நின்றது. பின்னோக்கி உருண்டு வந்தது. கண்ணாடி இறங்கியது.

காண்ட்ராக்டர். மணி அண்ணனின் காண்ட்ராக்டர். அண்ணன் வீட்டில் இருந்த நாட்களில் தூரத்திலிருந்து பார்த்த முகம். அவருக்கு என்னைத் தெரியாது. தெரியாதுதானே?

"எங்கலா நடந்து போற, இந்த வெயில்ல?"

"எஸ்டேட்டுக்கு ஐயா."

"யாரைப் பார்க்க?"

எந்தப் பெயரைச் சொல்லக்கூடாதோ அது நாக்கு நுனியில் நின்றது. "யாரையும் இல்லங்க. வேலை... வேலை கேட்கலாம்னு."

அவர் என் கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். "ஏறு."

ஏறினேன். ஏறாமல் எப்படி? கதவு சாத்திய பிறகு கேட்டார்: "பேரு என்னா?"

பகலிலிருந்து என் மண்டைக்குள் ஒரே ஒரு பெயர்தான் சுற்றிக்கொண்டிருந்தது. என் சொந்தப் பெயர் எங்கே போனதோ தெரியவில்லை.

"மணி" என்றேன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து குதித்துவிடலாமா என்று தோன்றியது. அவர் சிரித்தார். "இன்னொரு மணியா? நம்மகிட்ட ஏற்கனவே ஒருத்தன் இருக்கான்லா. சரி, காலைல பெரட்டுக்கு வந்துரு."

பெரட்டு என்றால் எஸ்டேட்டில் விடிந்ததும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. என்னை எஸ்டேட் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

மணி அண்ணன் வீட்டுக்குப் பின்னால் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் குழாயை மூடவே இல்லை. தண்ணீர் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"பேரை மாத்திடுவோம்னு நீதானடா சொன்ன?"

"ஆமாண்ணே."

"எந்த வார்த்தைக்குள்ள போயி மாட்டிக்கிட்டேன்?"

"ஹியூமானிட்டீஸ்."

"அப்படின்னா?"

"மனுசங்களைப் பத்தின படிப்பு, அந்த மாதிரிண்ணே."

"அதுக்குள்ளயா?" என்றவர் சிரிக்கப் போனார், பாதியிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கறுத்த நகங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். "முன்னெல்லாம் இந்த எஸ்டேட்ல மணின்னு கூப்பிட்டா ஏழு பேரு திரும்புவான். நெட்டை மணி, வெத்தலை மணி, வீரமணி, ரெண்டு சுப்ரமணி... எவன் சொன்னான்னு கண்டுபிடிக்கவே முடியாது. இப்ப எல்லாரும் டவுனுக்குப் போயிட்டானுங்க. மருந்தடிக்கிறதுல மிச்ச ஆளுங்க பூரா வங்காளதேசம், நேப்பாளம். மணின்னா நான் ஒருத்தன்தாண்டா."

அப்போது மிஸ்ஸிடமிருந்து செய்தி வந்தது. எடிட்டர் பதில் எழுதியிருக்கிறார். திருத்திய பிரதியை ஏற்றுக்கொள்கிறாராம். ஆனால் பழையது மதியமே அந்த இருவருக்கும் போய்விட்டது. அதை அழித்துவிடும்படி கேட்டுக்கொண்டிருக்கிறார். அழிப்பார்களா? அழிப்பதற்கு முன் படிப்பார்களா? அதை யார் சொல்ல முடியும்?

படித்துக் காட்டினேன். மணி அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு, பிக்கப்பில் நான் என்ன பெயர் சொன்னேன் என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். கையும் ஓங்கினார்.

"ஏண்டா கிறுக்குப் பயலே, உலகத்துல உனக்கு வேற பேரே கிடைக்கலையா?"

"வாயில வந்துடுச்சுண்ணே. காலைல போயி உண்மைப் பேரைச் சொல்லிடறேன். இல்ல, போகவே மாட்டேன்."

ஓங்கிய கை அப்படியே நின்றது. "ஒரு மணின்னா நான். ரெண்டு மணின்னா?"

"அண்ணே, கட்டுரையில வர்ற ஆளு பல வருசமா மருந்தடிக்கிறவரு. நான் நாளைக்குத்தான்..."

"எவனாவது வந்து கேட்டா, ஒரு நிமிசமாவது குழம்புவான்ல? எனக்கு அந்த ஒரு நிமிசம் போதும்டா. நான்தான்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதான்னு முடிவு பண்ணிக்குவேன்."

காலையில் பெரட்டுக்குப் போய் நின்றேன். பனி இன்னும் விலகவில்லை. காண்ட்ராக்டர் பிக்கப்பில் சாய்ந்து நின்றார். கிராணி, அதாவது பெயர் எழுதும் கணக்கர், நோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"மணி!"

இரண்டு பேர் கை தூக்கினோம்.

கிராணி நிமிர்ந்தார். மணி அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனா முனையைக் கடித்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு என்னைப் பார்த்துக் கைநீட்டினார்.

"மணி ரெண்டு! மருந்து கலக்குற தொட்டிக்குப் போ."

போனேன்.