மூக்கு அரித்ததால் மூடப்பட இருந்த பாலம்

எல்லோருக்கும் அவர் சுத்தியல்காரர். பாலங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் வேலை. தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்து வரிசையாக அடுக்கிய கான்கிரீட் உத்திரங்கள், வயசானாலும் வெளிப்பார்வைக்கு ஜம்மென்றுதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே இணைப்பில் தண்ணீர் கசிந்தால் போச்சு, உள்ளே கம்பி துருவேறி உப்பி, கான்கிரீட்டைத் தள்ளிவிடும். நல்ல இடம் 'டங்' என்னும், கெட்ட இடம் 'பொத்' என்னும். மனிதர் வீட்டிலாவது சும்மா இருப்பாரா? சுவர், கதவு, பூசணிக்காய் எல்லாம் தட்டுவார். மச்சான் வாங்கிய புதுக் கட்டிலையும் தட்டி உதட்டைப் பிதுக்கினார். மச்சான் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வருவதில்லை.

அப்பேர்ப்பட்டவருக்குக் காது மந்தமாகிவிட்டது. டங்கும் பொத்தும் ஒன்றாகவே கேட்டன. விஷயம் வெளியே தெரிந்தால் சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு அலுவலக நாற்காலியில் உட்கார்த்திவிடுவார்கள். கடைசியில் மனைவியிடம் போய் நின்றார்.

"சாப்பாடு கொண்டு வர்ற மாதிரி வந்து, பாலத்துக்கு அடியில சாரத்துல நில்லு. பொத்துன்னு கேட்டா மூக்கைச் சொறி. நான் சாக்பீஸால வட்டம் போட்டுக்கறேன்."

"கல்யாணம் ஆன நாள்லேருந்து தட்டித் தட்டி என் உசுரை வாங்குனீங்க. இப்போ என் காதும் வேணுமாக்கும்?" என்றவள், வரத்தான் செய்தாள்.

முதல் உத்திரம் ஒழுங்காக முடிந்தது. இரண்டாவதில் தூசி பறந்தது. அம்மாளுக்கு மூக்கு அரித்தது. அவள் சொறிந்தாள், அவர் வட்டம் போட்டார். அடக்கப் பார்த்தாள், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, சொறிந்து தள்ளினாள். அவரும் சளைக்காமல் போட்டார்.

சாரத்தில் ஏறி வந்த இன்ஜினியரம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஒரு உத்திரம் முழுசா போயிடுச்சா? இப்பவே பாலத்தை மூடச் சொல்றேன்!" என்று போனை எடுத்தார்.

மனைவி பதறிப்போய்த் தூசியையும் மூக்கையும் மாறி மாறிக் காட்டினாள். சுத்தியல்காரருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தால் சுத்தியல் தப்பும். ஆனால் பாலத்தை மூடினால் ஆம்புலன்ஸ் முதற்கொண்டு எல்லாம் ஊரைச் சுற்ற வேண்டும்.

"மேடம், எனக்குக் காது கேக்காது."

மேலே ஒரு லாரி போனது. "என்னது?"

"காது கேக்காது!"

"என்ன சொல்றீங்க?"

அவர் மூச்சைப் பிடித்துக் கத்துவதற்கும் லாரி கடந்துபோவதற்கும் சரியாக இருந்தது. சாரத்திலிருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. கீழே மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

"தூசியில மூக்கு அரிச்சிடுச்சு மேடம். அந்த ஓரத்து வட்டம் மட்டும்தான் நிஜம்" என்றாள் மனைவி.

இன்ஜினியரம்மா தானே தட்டிப் பார்த்தார். எல்லாம் டங். ஓரத்தில் மட்டும் பொத். அங்கே கொத்தினால், துருவேறி இளைத்த கம்பி எட்டிப் பார்த்தது. அதைச் சுத்தம் பண்ணிப் பூசி, மேலே இணைப்பை அடைத்தால் போதும். பாலத்தை மூட வேண்டியதில்லை.

"முதல்ல காதுக்கு மெஷின் மாட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் சுத்தியல் என்கிட்ட இருக்கட்டும்" என்று கையை நீட்டினார். சுத்தியல்காரர் கடைசியாகச் சாரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொடுத்தார்.

இறங்கி நடக்கையில் மனைவி ஏதோ முணுமுணுத்தாள்.

"என்ன சொன்ன?"

மற்ற நாளாயிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள். இன்று காதோரம் வந்து, "நல்ல மனுஷனுக்குத்தான் வாக்கப்பட்டிருக்கேன்னு சொன்னேன்" என்றாள்.

அது நன்றாகவே கேட்டது.

"என்ன?" என்றார் இன்னொரு தடவை.